வீடு கேட்ட சொல்

எங்கள் வீட்டில் யாரும் 'போறேன்' என்று சொன்னதில்லை. முக்குக் கடைக்கு என்றாலும் குவைத்துக்கு என்றாலும் 'வாரேன்'தான். அக்கா பெல்சி நர்ஸ் வேலைக்கு விமானம் ஏறப் புறப்பட்ட அன்று, வாசலில் பெட்டிகளோடு நின்றுகொண்டு, பதற்றத்தில் "சரிம்மா, போறேன்" என்றுவிட்டாள். அம்மா அவள் கையைப் பிடித்துத் திரும்ப உள்ளே கூட்டிவந்தாள். மாதா சுரூபத்துக்கு முன்னால் உட்காரவைத்து, ஒரு வாய் தண்ணீர் குடிக்கவைத்து, "இப்பச் சொல்லு" என்றாள். "வாரேம்மா" என்று அவள் சொன்ன பிறகுதான் கார் கிளம்பியது.

அந்தச் சொல்லைத்தான் அப்பா பிற்பாடு வீட்டுக்குப் பூட்டாக ஆக்கினார்.

அப்பா பெயர் அமலதாஸ். தொலைபேசி இலாகாவில் லைன்மேனாகச் சேர்ந்து, காரைக்குடியிலேயே வேலை பார்த்து, விருப்ப ஓய்வில் வந்தவர். கம்பம் ஏறிய கால் என்பதால் நடக்கும்போது கொஞ்சம் அகட்டி வைத்துத்தான் நடப்பார். கொத்தமங்கலத்துப் பெரிய வீடுகள் பலவற்றுக்கு அவர்தான் போன் இழுத்தவர். வாசலில் நின்று பார்த்தால் பின்கட்டு வெளிச்சம் தீப்பெட்டி அளவுக்குத் தெரியும் வீடுகள். முதல் கட்டில் மணி அடித்தால் மூன்றாம் கட்டில் இருக்கிற ஆச்சிக்குக் கேட்காது. கேட்டு ஓடிவருவதற்குள் நின்றுவிடும். வெளிநாட்டிலிருந்து கூப்பிட்ட மகன் வைத்துவிட்டிருப்பான். அப்பா யாரும் கேட்காமலேயே சமையல்கட்டுக்கு இன்னொரு மணி இழுத்துக் கொடுத்துவிடுவார். அதிகாரி சத்தம் போட்டால், "சார், ஒருத்தர் கூப்பிடறது இன்னொருத்தருக்குக் கேக்காமப் போறது பெரிய பாவம் சார்" என்பாராம்.

இதை அவர் எங்களிடம் சொல்லும்போதெல்லாம் அம்மா அடுப்படியிலிருந்து, "நாங் கூப்பிடறது மட்டும் உங்களுக்குக் கேக்கவே கேக்காது" என்பாள்.

ஓய்வுக்குப் பிறகு வீடே அவருக்கு எக்ஸ்சேஞ்சாகிவிட்டது. மொட்டைமாடித் தொட்டி நிரம்பினால் பாட்டுப் பாடும். கேட்டில் கேமரா, யார் வந்தாலும் போனாலும் எங்கள் எல்லோர் போனுக்கும் ஒரு சின்ன வீடியோப் படம் வந்துவிடும். வெளியே கிளம்பும்போது அப்பா அந்தக் கேமராவுக்கு முன்னால் நின்று நெற்றியில் கைவைத்து ஒரு சல்யூட் அடித்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். வீட்டுக்குள்ளும் ஒரு கேமரா மாட்டலாம் என்றபோது அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டாள். "வீட்டுக்குள்ள கண்ணு வைக்காதீக. நான் பாவாடையோட நடமாடுற எடம்." அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. வாசல் கதவில் விரல் வைத்தால் திறக்கும் பூட்டு. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து அம்மாவின் விரலில் ரேகையே இல்லை என்று அந்தப் பூட்டு அவளை ஒருநாளும் ஏற்றுக்கொள்ளவில்லை. அவள் எண்ணை அமுக்கித்தான் உள்ளே வருவாள். "எம் வீட்டுக்கு நானே விருந்தாளி" என்று சொல்லிக்கொண்டே வருவாள்.

பிறகு அக்கா அனுப்பிய தரை கூட்டும் வட்ட இயந்திரம். எங்கள் கூடத்தில் ஆத்தங்குடிக் கல். நடுவில் பூ, சுற்றிலும் கருப்புப் பட்டை. இயந்திரம் பூவையெல்லாம் சமர்த்தாகக் கூட்டிக்கொண்டு வரும். கருப்புப் பட்டை வந்ததும் நின்று, லேசாக நடுங்கி, திரும்பிவிடும்.

"கருப்பைப் பள்ளம்னு நெனைக்குது" என்றார் அப்பா. "விழுந்துருவோம்னு பயம்."

பக்கத்து வீட்டு நாகம்மை அக்கா இடுப்பில் கைவைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க வீட்டுக்காரரு மாதிரியே இருக்குண்ணே. சுத்திச் சுத்தி ஒரே எடத்துல. பேரென்ன வச்சிருக்கீக?"

"பேரா? மெசினுக்கு என்ன பேரு?"

"அப்ப நான் வைக்கிறேன். சின்னக்கருப்பு."

அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அப்பா சின்னக்கருப்பைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் பள்ளத்தை அறியும் கண்கள் இருக்கின்றன என்று கண்டுபிடித்து, அவற்றின் மேல் வெள்ளை டேப் ஒட்டினார். "இனிமே தைரியமாப் போவும்." போயிற்று. கருப்புப் பட்டையைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, திறந்திருந்த வாசல் வழியாகப் போய், படியில் தலைகீழாக விழுந்து, சக்கரம் மேலே சுற்றக் கிடந்தது. அப்பா அதைத் தூக்கிவந்து ஒட்டவைத்தார். டேப்பை எடுக்கவில்லை.

அவர் கையில் கட்டியிருந்த, ரத்த அழுத்தம் பார்த்துச் சொல்லும் கடிகாரத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். அப்பா காலையில் எழுந்ததும் கடிகாரத்தைப் பார்ப்பார். பச்சை காட்டினால் அன்றைக்கு மாத்திரை கிடையாது.

"டாக்டர் மாத்திரை எழுதிக் குடுத்தது கடியாரத்துக்கா உங்களுக்கா?" என்று அம்மா கேட்பாள்.

"ரெண்டு பேருக்கும் நல்லாத்தான் இருக்கு யூஜினி. பாரு, பச்சை."

அம்மா மாத்திரை அட்டையைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். தட்டு கழுவப் போகும், அட்டை அங்கேயே இருக்கும். நான் பலநாள் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக வந்தது, வாயால் சொன்னதைக் கேட்டுச் செய்யும் அந்தப் பெட்டி. கடையில் விற்பதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் காது கொடுக்கும் என்பதில் அப்பாவுக்கு மரியாதையில்லை. "வீட்டுக்காரன் எதுக்குடா கூப்பிடணும்? நம்ம பேசறதை அதுவாக் கேக்கணும்." அவரே ஒரு சின்னப் பலகை வாங்கி, கம்பி சேர்த்து, கூடத்துச் சுவரில் நாலு மூலைக்கும் மைக் பதித்தார். சுவரில் நாலு சிறு துளைகள். கொசு நுழையும் அளவுதான். ஆனால் அதற்குப் பிறகு கூடத்தில் பேசும்போது எல்லோரும் ஒருதரம் அந்தத் துளைகளைப் பார்த்துவிட்டுத்தான் பேசினோம்.

வீட்டிலிருந்து கடைசி ஆள் கிளம்பும்போது 'வாரேன்' என்று சொன்னால் போதும். கதவு பூட்டிக்கொள்ளும். விளக்கு, விசிறி, ப்ளக்கில் சொருகியிருப்பது எல்லாம் அணையும். சின்னக்கருப்பு கூட்டத் தொடங்கும். "அப்பா வெளியே போயிருக்கிறார். வீடு பூட்டப்பட்டது" என்று, யார் சொன்னாலும் ஒரே மாதிரி, எங்கள் போனுக்குச் செய்தி வரும். அதன் பிறகு யாராவது அழைப்புமணியை அமுக்கினால் அப்பாவின் குரல் பதில் சொல்லும். அதைப் பதிவு செய்ய அவர் ஒரு முழு மாலை எடுத்துக்கொண்டார். தொண்டையைச் செருமி, அந்தக்கால டிரங்க் கால் அறிவிப்பு மாதிரி நிதானமாக: "வணக்கம். வீட்டில் யாரும் இல்லை. தயவுசெய்து பிறகு வரவும்."

மறுநாளே அது உதைத்தது. அம்மா அடுப்படியில் மிக்ஸியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் நாகம்மை அக்கா, "யூஜினியாக்கா!" என்றார். அம்மா உள்ளிருந்தபடியே, "இந்தா வாரேன்!" என்றாள்.

மிக்ஸி நின்றது. விசிறி நின்றது. கதவு க்ளக் என்று பூட்டிக்கொண்டது. சின்னக்கருப்பு மூலையிலிருந்து புறப்பட்டது. மணியை அமுக்கிய நாகம்மை அக்காவிடம் அப்பா குரல், வீட்டில் யாரும் இல்லை என்றது.

கதவைத் திறந்ததும் நாகம்மை அக்கா, "ஏக்கா, நான் என்ன அப்பிடிப்பட்டவளா? உள்ள இருந்துக்கிட்டே ஆளில்லைன்னு அண்ணனச் சொல்ல வைக்கிறீக! ஒரு கரண்டி மோருக்காக வந்தவ மேல இம்புட்டுப் பயமா?" என்றார். அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். அப்பா சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தாடையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"தப்பு நம்ம மேலதான்" என்றார். "போறதுக்கும் வாரேன், வாரதுக்கும் வாரேன். வீடு பாவம், அதுக்கு எப்படித் தெரியும்? ஒரு சொல்லு வேணும். இந்த வீட்டுல யாரும் வாய்தவறிக்கூடச் சொல்லாத சொல்லு."

அவர் நிமிர்ந்தார். எனக்கு அது முன்னாலேயே தெரிந்துவிட்டது. அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். அவள் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோயிற்று.

"வேணாங்க" என்றாள்.

"ஏன் வேணாம்? நீதான சொல்ல விடமாட்டே? அப்ப அதுதான் பாதுகாப்பான சொல்லு. கணக்கு சரியா வருது பாரு."

"அந்தச் சொல்லு வீட்டுல விழக்கூடாதுங்க."

"சொல்லு என்ன யூஜினி, காத்துல ஒரு நடுக்கம். எத்தனை வருசம் கம்பியில ஓடவிட்டுருக்கேன்."

"எத்தனை சாவு சேதி ஓடுச்சு அந்தக் கம்பியில. நீங்கதான சொல்லியிருக்கீக."

அப்பா என்னைப் பார்த்தார், பக்கத்துணைக்கு. நான் அம்மாவுக்காகப் பேச முயன்றேன். எனக்குப் பேச்சு சட்டென்று வராது. "வேற ஏதாவது வச்சுக்கலாமேப்பா" என்று மட்டும் சொன்னேன்.

"நீ படிக்கிற கவிதைப் புஸ்தகத்துல ஒரு சொல்லுக்கு ஒம்போது அர்த்தம். எனக்கு ஒண்ணு போதும்டா" என்றார். அன்று மாலையே மாற்றிவிட்டார்.

ஒரு சொல்லுக்கு ஒரு அர்த்தம்தான் என்பது இரண்டு நாளிலேயே பொய்த்தது. நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நின்று, "குளிக்கப் போறேன்" என்றேன். வீடு இருண்டது. அம்மா, "நான் சாப்பிடப் போறேன், யாரும் வாரீகளா?" என்றாள். கதவு பூட்டிக்கொண்டது. அப்பா அசரவில்லை. "பழகிக்கங்க. குளிச்சிட்டு வாரேன்னு சொன்னா என்ன கொறஞ்சு போச்சு?" பழகிக்கொண்டோம். படிக்கப் போறேன், தூங்கப் போறேன், அக்காவுக்குப் போன் போடப் போறேன், எல்லாம் பேச்சிலிருந்து விழுந்துவிட்டன. இனிமேல் செய்யவிருப்பதைப் பற்றி எங்கள் கூடத்தில் யாரும் தன் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. செய்து முடித்ததைச் சொன்னோம். அல்லது பேசாமல் எழுந்து நடந்தோம்.

அப்பா மட்டும் தினமும் வாசலில் நின்று, தெளிவாக, எக்ஸ்சேஞ்ச் குரலில், "போறேன்" என்பார். அம்மா வீட்டில் இருந்தாலும் சொல்லுவார். அது அவருக்கு ஒரு விளையாட்டு. வீடு அணையும், அம்மா திட்டுவாள், அவர் போனிலேயே திரும்ப எரியவைப்பார். அம்மா அவர் 'போறேன்' சொன்ன மாத்திரத்தில், எங்கே இருந்தாலும், கையில் சோப்பு நுரையோ மீன் செதிலோ, வாசலுக்கு ஓடிவந்து, "போயிட்டு வாங்க!" என்று கத்துவாள். திறந்து கிடக்கும் பாட்டிலுக்கு மூடி போடுகிற மாதிரி. அந்தப் பதில் அவர் கேட்டைத் தாண்டுவதற்குள் காதில் விழுந்தாக வேண்டும். விழாத நாட்களில் அவர் திரும்பிவரும்வரை அவள் எதையும் ஒழுங்காகச் செய்யமாட்டாள். குழம்பில் இரண்டுதரம் உப்புப் போடுவாள். ஒருநாள் என்னிடம், "எம்புட்டு நாளைக்குப்பா நான் ஓடிக்கிட்டே இருப்பேன்? ஒருநா கேக்காமப் போயிட்டா?" என்றாள். நான் அவள் கையிலிருந்த கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை பிற்பகல்களில் அம்மாவுக்குக் கோவிலில் மரியாயின் சேனை ஜெபக் கூட்டம் இருக்கும். அந்தச் சனிக்கிழமையும் அவள், "வாரேங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்பா மேஜையில் ஏதோ ஈயம் வைத்துப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். நான் வேலையில் இருந்தேன். புதுவயலில் ஒரு ரைஸ் மில்லில் கலர் சார்ட்டர் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அருவி மாதிரி விழும் அரிசியில் கருப்பு அரிசி வந்தால் இயந்திரம் கண்டுபிடித்துக் காற்றால் ஊதித் தள்ளிவிடும். எப்போதாவது நல்ல அரிசியையும் ஊதிவிடும். அதைக் கவனித்துத் திருத்துவதற்குத்தான் நான்.

போனில் செய்தி வந்தது. "அப்பா வெளியே போயிருக்கிறார். வீடு பூட்டப்பட்டது."

வழக்கமான செய்தி. பையில் போட்டுக்கொண்டேன். ஒரு லாரி வந்தது, லோடு இறங்கியது, நான் திரையின் முன்னால் நின்றேன். ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருந்துகொண்டே இருந்தது. என்னவென்று பிடிபடவில்லை.

வெகுநேரம் கழித்து கேட் கேமராவிலிருந்து படம் வந்தது. நாகம்மை அக்கா மூடிய கிண்ணத்தோடு நிற்கிறார். மணியை அமுக்குகிறார். அப்பாவின் குரல், "வணக்கம். வீட்டில் யாரும் இல்லை. தயவுசெய்து பிறகு வரவும்" என்கிறது. நாகம்மை அக்கா கதவைப் பார்த்துப் பழிப்புக் காட்டிவிட்டுத் திரும்புகிறார். படத்தின் ஓரத்தில் வாசல்படி. படியில் அப்பாவின் செருப்பு.

குறைந்தது என்னவென்று அப்போது தெரிந்தது. சல்யூட். அப்பா போனார் என்ற செய்தி வந்தது, அப்பா கேட்டைத் தாண்டிய படம் வரவில்லை.

அப்பாவைக் கூப்பிட்டேன். மணி போய்க்கொண்டே இருந்தது. அம்மா எடுக்கவில்லை; கூட்டத்தில் போனை அணைத்து வைப்பாள். வண்டியை நோக்கி ஓடிக்கொண்டே நாகம்மை அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, திரும்ப எங்க வீட்டுக்குப் போங்க."

"இப்பத்தான போனேன் தம்பி. ஆளில்லைன்னு உங்கப்பாவே சொல்றாக."

"அவரு உள்ளதான் இருக்காரு. செருப்பு கெடக்கு. நம்பரச் சொல்றேன், கதவுல அமுக்குங்க."

"வேற செருப்பு மாட்டிட்டுப் போயிருப்பாருப்பா…"

"அக்கா, போங்கக்கா!"

நான் அவரிடம் அப்படிக் கத்தியதில்லை. எண்களைச் சொன்னேன். கேட் கிரீச்சிடுவது கேட்டது. எண்களின் கீச்சுச் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. நான் மில் வாசலில் வண்டியில் உட்கார்ந்தபடி காதில் போனை அழுத்திக்கொண்டிருந்தேன்.

"அண்ணே?" என்றார். பிறகு, "அண்ணே! ஆத்தாடி!"

"என்னக்கா?"

"கீழ கெடக்காக தம்பி. கருப்புக் கல்லு மேல. வாய் ஒருபக்கமா இழுத்திருக்கு. கண்ணு தொறந்திருக்கு, என்னையப் பாக்குறாக. ஒரே இருட்டா இருக்கு, விசிறி இல்ல, வேர்த்து ஊத்தியிருக்கு… இந்தச் சனியன் வேற." அவர் குரல் உடைந்தது. "இது அவரு மேல முட்டி முட்டித் திரும்புது தம்பி. முட்டி முட்டித் திரும்புது."

சின்னக்கருப்பு. ஆளில்லாத வீட்டைக் கூட்டிக்கொண்டிருந்தது.

காரைக்குடியில் முதலுதவி செய்து, ஆம்புலன்ஸில் சிவகங்கை பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஆள் போய்ச் சொல்ல, அம்மா ஜெபமாலையைக் கையில் சுற்றியபடியே கோவிலிலிருந்து நேராக ஏறியிருந்தாள். வழியெல்லாம் அப்பாவின் காதருகில் குனிந்து, "போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஆம்புலன்ஸ் பையன் அவளை விசித்திரமாகப் பார்த்தான்.

ஸ்கேன் எடுத்துவிட்டு ஓர் இளம் டாக்டரம்மா வெளியே வந்தார். "ரத்தக்கட்டு. கரைக்க ஊசி இருக்கு. ஆனா ஆரம்பிச்சு எவ்வளவு நேரமாச்சுன்னு தெரியணும். நேரம் கடந்திருந்தா அந்த ஊசியே ஆபத்து. எப்ப விழுந்தாரு? யார் பாத்தது?"

அம்மா என்னைப் பார்த்தாள். "நான் கெளம்பும்போது நல்லாத்தான் இருந்தாக. அதுக்கப்புறம் யாரும்…"

"அதுக்கும் இப்பவுக்கும் நேரம் அதிகமா இருக்கேம்மா. வேற எதுவும் தெரியாதா?"

நான் போனை நீட்டினேன். அவர் செய்தியைப் படித்தார். நேரத்தைப் பார்த்தார். முகம் சுருங்கியது. "வெளிய போயிருக்காருன்னுல்ல போட்டிருக்கு?"

"போகல டாக்டர். அந்தச் சொல்லச் சொன்னா அப்படிச் செய்தி வரும். போறேன்னு சொன்னா."

"விழும்போது எதுக்குப் போறேன்னு சொல்றாரு?"

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. அதை அம்மாவுக்கு முன்னால் சொல்ல வேண்டியிருந்தது. "தலை சுத்தியிருக்கும். விழப் போறேன்னு சொல்லியிருப்பாரு."

டாக்டரம்மா செய்தியின் நேரத்தை மறுபடி பார்த்தார். பிறகு, "சரி, அப்ப இன்னும் நேரம் இருக்கு" என்று உள்ளே ஓடினார்.

அம்மா பெஞ்சில் உட்கார்ந்தாள். "யாருட்டப்பா சொல்லியிருப்பாரு?" என்றாள். "என்னையத்தான கூப்பிட்டிருப்பாரு?"

அவர் கூப்பிட்டது வீட்டுக்குக் கேட்டது. வீடு அதற்குத் தெரிந்த ஒரே அர்த்தத்தைச் செய்தது. ஈயம் பற்றவைக்கும் சூட்டுக் கம்பியை அணைத்தது. அதனால் மேஜை தீப்பிடிக்கவில்லை. கதவைப் பூட்டியது. விசிறியை நிறுத்தியது. அவர் போய்விட்டார் என்று எல்லோருக்கும் சொன்னது. எந்த நொடியில் என்பதையும் எழுதி வைத்தது. அப்பா பிழைத்தது அந்தச் சொல்லாலா, அப்படிக் கிடந்தது அந்தச் சொல்லாலா என்று நான் எந்தப் பக்கத்திலிருந்து யோசித்தாலும் கருப்புப் பட்டைக்கு வந்து திரும்பிவிடுகிறேன்.

வலது கையும் காலும் பாதி போயின. பேச்சு போயிற்று. நாம் பேசுவது புரியும், அவருக்குச் சொல் வராது. சிலருக்கு ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சும், எதற்கும் அதுவே வரும் என்றார்கள். கொஞ்சங் கொஞ்சமாக மற்றதும் வரலாம், வராமலும் போகலாம். மாத்திரையை ஒருவேளைகூட விடக்கூடாது. இன்னொரு தடவை வந்தால் தாங்கமாட்டார். இதையெல்லாம் அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

மிஞ்சிய சொல் எதுவென்று ஆஸ்பத்திரியிலேயே தெரிந்துவிட்டது. தண்ணீர் வேண்டுமா என்று அம்மா கேட்டாள். அப்பா உதட்டைக் குவித்து, மிகவும் பாடுபட்டு, தெளிவாக, "போறேன்" என்றார்.

வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று பெட்டியைப் பற்றி யாருக்கும் நினைவில்லை. கூடத்தில் கட்டில் போட்டு அவரைச் சாய்த்து உட்காரவைத்திருந்தோம். வாசலில் மணி அடித்தது. யார் என்று கேட்கிற மாதிரி அப்பா தலையை உயர்த்தினார். "போறேன்."

விளக்கு அணைந்தது. விசிறி தளர்ந்தது. பூட்டு விழுந்தது. வந்தவர் மணியை மறுபடி அமுக்கினார். வாசலிலிருந்து அப்பாவின் பழைய குரல், ஒரு எழுத்து பிசகாமல், நிதானமாக வந்தது. "வணக்கம். வீட்டில் யாரும் இல்லை. தயவுசெய்து பிறகு வரவும்."

கட்டிலில் இருந்தவர் அந்தக் குரலைத் தலைசாய்த்துக் கேட்டார். எதிர்முனையில் பேசுகிறவரைக் கேட்பதுபோல, இடது கையைக் காதருகே கொண்டுபோனார். அந்தக் கண்ணில் இருந்தது பயமா ஆசையா என்று எனக்குத் தெரியவில்லை. வெளியே நாகம்மை அக்கா, "நான்தாண்ணே! நான்தான்!" என்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அவுத்துரு" என்றாள் அம்மா. "எல்லாத்தையும் அவுத்துரு."

அவிழ்த்தேன். பலகை, கம்பி, கதவுப் பூட்டு, எல்லாம். சின்னக்கருப்பு அடியிலிருந்த டேப்பைப் பிரித்து அதைப் பரணில் போட்டேன். மேஜையில் அப்பா அன்று பாதியில் விட்டது கிடந்தது. கழுத்தில் தொங்கவிடுகிற சிறு பொத்தான். யாராவது வீட்டில் தனியாக இருந்து முடியாமல் போனால் அமுக்குவதற்கு. கயிறு அளவு பார்த்து வெட்டியிருந்தது, அம்மாவின் கழுத்துக்கு. அதை அம்மாவிடம் காட்டாமல் எடுத்து வைத்தேன். சுவரில் நாலு துளை மட்டும் இருக்கிறது. சுண்ணாம்பு வைத்து அடைக்க வேண்டும்.

அம்மா சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அப்பா ஒருநாளில் எத்தனையோ தடவை சொல்கிறார். பசித்தால், கொசு கடித்தால், டிவியில் யாராவது சிரித்தால், சும்மா ஜன்னலைப் பார்த்தால். ஒவ்வொரு தடவையும் அடுப்படியிலிருந்தோ கொல்லையிலிருந்தோ அம்மாவின் பதில் வந்துவிடுகிறது. "போயிட்டு வாங்க." அவள் இப்போது ஓடுவதில்லை. குளிக்கும்போதுகூடக் குழாயைச் சன்னமாகத் திறந்து வைத்துக்கொண்டு குளிக்கிறாள், கேட்காமல் போய்விடக் கூடாதென்று. நாகம்மை அக்கா ஒருநாள், "என்னக்கா, ஓயாமச் சொல்லிக்கிட்டே இருந்தா வாய் வலிக்காதா?" என்றார். அம்மா, "ஒண்ணு விட்டுப்போச்சுன்னா எனக்குத்தான வலிக்கும்" என்றாள்.

காலையில் நான் மில்லுக்குக் கிளம்பும்போது கட்டிலருகே நின்று, "அப்பா, வாரேன்" என்கிறேன்.

அவர் என்னைப் பார்த்து இடது கையை நெற்றிவரை கொண்டுபோகிறார். "போறேன்" என்கிறார்.

நான் வாசலில் போய் வண்டியை ஸ்டார்ட் செய்து நிற்கிறேன். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வருகிறது, போயிட்டு வாங்க என்று. அதைக் கேட்ட பிறகுதான் கேட்டைத் திறக்கிறேன்.

இன்று காலை அந்தக் குரல் வரக் காணோம். வண்டியின் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று இன்ஜினை அணைத்தேன். தெருவில் ஒரு பால்காரர் போனார். வீட்டுக்குள் சுத்தமாக ஒரு சத்தமும் இல்லை. சாவியைக் கையில் பிடித்தபடி, திறந்திருந்த கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பாவும் உள்ளே அதற்காகத்தான் காத்திருந்திருக்க வேண்டும். மறுபடி, கொஞ்சம் உரக்க, "போறேன்" என்றார்.

"போயிட்டு வாங்கப்பா" என்று நான் கத்தினேன். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, கட்டிலைப் பாராமல் கூடத்தைத் தாண்டி உள்ளே ஓடினேன். அம்மா கொல்லைக் கதவருகே, துவைத்த சேலையை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தாள். ஒன்றும் ஆகவில்லை அவளுக்கு. கிணற்றடியில் ராட்டினம் சுற்றிய சத்தத்தில் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

"சொன்னாரா?" என்றாள். முகம் வெளுத்திருந்தது.

"சொன்னாரு. நான் பதில் சொல்லிட்டேன்."

"நீ சொன்னது அவருக்குக் கேட்டுச்சா?"

இருவரும் கூடத்தைத் திரும்பிப் பார்த்தோம்.